இன்ஜினிலிருந்து ஐந்தாவது பெட்டி

ரயில் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், யாரை ஏற்றிவிடப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். யாரையும் இல்லை என்பேன். அப்படியானால் யாரை அழைத்துவரப் போகிறீர்கள் என்பார்கள். அதுவும் இல்லை என்பேன். அதற்குமேல் கேட்கமாட்டார்கள். என்னைப் பார்க்கிற பார்வை மட்டும் கொஞ்சம் மாறும். இருபது வருடமாக அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது.

அரூரில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் போவேன். நடைமேடை டிக்கெட் எடுத்துக்கொண்டு, சேலம் பக்கத்துக் கோடியில் இருக்கிற சிமென்ட் பெஞ்சில் உட்காருவேன். அந்தப் பக்கமாகப் போகிற வண்டிகளின் இன்ஜின் எண், அது எந்த ஊர் ஷெட்டைச் சேர்ந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று நோட்டில் எழுதுவேன். மத்தியானம் மூன்று மணிக்கு வீடு திரும்புவேன். இதில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்ஜினுக்கெல்லாம் ஜாதகம் எழுதறீங்க, நம்ம வூட்டு கேஸ் புக் எங்க இருக்குதுன்னு கேட்டா தெரியாது" என்பாள் என் மனைவி. உண்மைதான். கேஸ் புக் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மொரப்பூர் பழைய நிலையம். தென்னாட்டில் ரயில் என்பதே புதுசாக இருந்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட பாதை இது. ஒரு காலத்தில் இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயிலும் பிரிந்து போனது. யுத்தத்தின்போது அதன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பாதையின் தடம் தேடி எங்கிருந்தோ கேமராவும் கையுமாக ஆட்கள் வருவார்கள். பெஞ்சில் நோட்டுடன் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்ததும், இவருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்பார்கள். நானும் கையை நீட்டி, "அதோ அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்துல போச்சு" என்பேன். அது சரிதானா என்று எனக்கே தெரியாது. ஆனால் சந்தேகமில்லாத குரலில் சொல்வேன். அவர்களும் புளியமரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போவார்கள்.

இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஒரு குணம் உண்டு. பெட்டிக்குள் இருப்பவர்களைப் பார்க்கமாட்டோம். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததிலிருந்து இன்ஜின் மேல்தான் கண். அது நம்மைத் தாண்டுகிற ஒரு நொடியில் ஐந்து இலக்கத்தையும் பிடித்துவிட வேண்டும். பிடித்ததும் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிடுவோம். பின்னால் ஆயிரம் பேர் ஜன்னல் ஜன்னலாகப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களை நான் எழுதிவைத்ததில்லை.

என் மகளின் கல்யாணத்தன்றுகூட, அது ஞாயிற்றுக்கிழமை இல்லாதபோதும், நான் மொரப்பூரில்தான் இருந்தேன்.

அவள் சென்னையில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்கிறவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் ஊருக்கு வந்து சொன்னாள். பாலக்காட்டுப் பக்கத்து ஆள், வேறு சாதி, வேறு பாஷை. நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பிறகு சமாதானமாகியிருக்கலாம். தட்டில் இருந்த சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு, "உன் இஷ்டம். ஆனா இனிமே இந்த வூட்டுக்கு வர வேண்டாம்" என்றேன். ஆபீசில் ஒரு மனுவைத் திருப்பி அனுப்புகிற குரலில் சொன்னேன். அவள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். பதிவுத் திருமணத்துக்கு என் மனைவி மட்டும் போனாள். அந்த நாளுக்குரிய பக்கம் என் நோட்டில் இருக்கிறது. பதினாலு வண்டிகள். கையெழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கே என்மேல் வெறுப்பு வரும்.

இரண்டு வருடம் பேச்சில்லை. போனிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். அதனால் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. எண் மறக்கிற ஆள் நானில்லை. பிரசவத்துக்கு மனைவி சென்னை போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். பெண் குழந்தை என்றாள். சரி என்றேன். போட்டோ காட்ட வந்தாள். கண்ணாடி இல்லை என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மகளும் மாப்பிள்ளையும் வெளிநாட்டில் வேலைக்குப் போகிறார்கள், இன்னும் ஒரு மாதம்தான் இங்கே இருப்பார்கள், அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டில் தங்கப் பாலக்காடு போகிறார்கள் என்றாள். அடுத்த நாள் காலையில் சென்னையில் ரயில் ஏறுகிறார்கள். அந்த வண்டி மொரப்பூரில் ஒரு நிமிடம் நிற்கும்.

"எஸ் நாலுல வர்றாங்க. குழந்தைய உங்களுக்குக் காட்டணும்ங்கறா. நீங்க வந்து நின்னா போதும், பேசக்கூட வேண்டாம்ங்கறா."

நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் வரமாட்டேன்" என்றாள் அவளே. "நான் வந்தா நீங்க எம் பின்னாடி போயி நின்னுக்குவீங்க. நீங்க மட்டும் போங்க. இத வுட்டா அப்பறம் எப்பவோ. அவங்க திரும்பி வர்றப்ப நம்ம ரெண்டு பேரும் இருக்கறமோ இல்லையோ."

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. போக வேண்டும் என்று இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. நல்ல வேளையாக மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் கிளம்புகிற மாதிரி கிளம்பினேன். மனைவி ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தாள். முளைகட்டி வறுத்து அரைத்த ராகி மாவு, இரண்டு கிலோ இருக்கும். வீட்டில் அரைத்த வாசனை பையைத் தாண்டி வந்தது. எப்போது அரைத்தாள் என்று தெரியவில்லை. நான் போவேன் என்று அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது.

நான் செருப்பு மாட்டும்போது அவள் போன் அடித்தது. மகள்தான். வண்டி ஏறிவிட்டார்களாம்.

மனைவி வாசலுக்கு வந்து, "ஏங்க, பெட்டி கடைசியில இருக்குதாம். பின்னாடி போயி நிக்கச் சொல்லுங்கறா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வண்டியை இருபது வருடமாகப் பார்க்கிறேன். இன்ஜின், அதை ஒட்டி ஒரு பொதுப் பெட்டி, பிறகு எஸ் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இன்ஜினிலிருந்து ஐந்தாவது பெட்டி. மொரப்பூரில் அது எந்த மின்கம்பத்துக்கு நேராக நிற்கும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

"அவளுக்கு முன்னாடி எது பின்னாடி எதுன்னு என்ன தெரியும்?" என்றேன்.

"சென்ட்ரல்ல நடக்கவே இல்லையாம். உள்ள போனதும் மொதல்ல இவங்க பெட்டிதானாம்."

"அதத்தான் சொல்றேன். மொதல்ல இருக்குதுன்னு அவளே சொல்றா, அப்பறம் கடைசிங்கறா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற ஆசாமி யாராவது படித்துக்கொண்டிருந்தால் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பார். சென்ட்ரல் கடைசி நிலையம். அதற்குமேல் தண்டவாளம் கிடையாது. வாசல் வழியாக உள்ளே போனால் முதலில் எதிர்ப்படுவது வண்டியின் வால். இன்ஜின் அந்தக் கோடியில், வெளியே போகிற பக்கம் இருக்கும். நடக்காமல் ஏறினோம் என்றால் பெட்டி கடைசியில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாத என் மகள் கண்ணால் பார்த்ததைச் சரியாகச் சொல்லியிருந்தாள். எல்லாம் தெரிந்த நான் அதைக் காதில் வாங்கவில்லை. முந்தின நாள் எங்கேயோ பாதையில் வேலை நடந்து, வண்டி சுற்றிக்கொண்டு சென்னை போனதில் பெட்டி வரிசை அப்படியே திரும்பிவிட்டது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எப்போதாவது அப்படி நடக்கும். என் நோட்டிலேயே இரண்டு மூன்று முறை அதை எழுதிவைத்திருக்கிறேன்.

மொரப்பூரில் அன்றைக்கு நல்ல வெயில். பனிக்காலத்து வெயில், உறைக்கவில்லை. வண்டி வருகிற நேரம் நெருங்கியதும் பெஞ்சிலிருந்து எழுந்து என் மின்கம்பத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டேன். சட்டையை ஒரு தடவை சரிசெய்துகொண்டேன். என்ன பேசுவது என்று யோசித்தேன். வா என்பதா, நல்லா இருக்கியா என்பதா? ஒரு நிமிடத்தில் எதையாவது பேசித்தான் ஆக வேண்டும். குழந்தையைக் கையில் கொடுத்தால் வாங்குவதா, பையைக் கீழே வைத்துவிட்டு வாங்குவதா என்பதுவரை யோசித்தேன். இடையில் ஒரு சரக்கு வண்டி போனது. அதன் எண்ணை நான் எழுதவில்லை. இருபது வருடத்தில் நான் விட்ட முதல் வண்டி அதுதான்.

வண்டி ஆறு நிமிடம் தாமதமாக வந்தது. இன்ஜின் என்னைத் தாண்டியபோது, பழக்க தோஷம், ஐந்து இலக்கத்தையும் மனசு வாங்கிக்கொண்டது. முதலில் பொதுப் பெட்டி வந்தது. சரி. அடுத்ததும் பொதுப் பெட்டி. அதற்குப் பின்னாலும் பொதுப் பெட்டி. பிறகு ஏசி. வண்டி நின்றபோது என் மூக்குக்கு நேராக நின்றது ஒரு ஏசி பெட்டி. திறக்க முடியாத கறுப்புக் கண்ணாடிக்குள், துணிப்பையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு கிழவன் முகம் தெரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. மொத்தம் இருபத்திரண்டு பெட்டி. பின்னாலிருந்து ஐந்தாவது என்றால் முன்னாலிருந்து பதினெட்டு. பதிமூன்று பெட்டி தூரம். முந்நூறு மீட்டர். கணக்கு இவ்வளவு சுத்தமாக அந்த நேரத்திலும் வந்தது.

ஓடினேன். நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று ஞாபகமில்லை. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் மூட்டைகளோடு குறுக்கே வந்தார்கள். "பாத்துப் போங்க பெரியவரே" என்று யாரோ சொன்னார்கள். ஐந்து பெட்டி தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. நிலையத்தின் வாசல் நடைமேடையின் நடுவில் இருக்கிறது. அதுவரைக்கும்கூட நான் போய்ச் சேரவில்லை. இன்ஜின் ஊதியது.

நின்றுவிட்டேன். இனி ஓடுவதில் அர்த்தமில்லை. வண்டி என் பக்கம்தான் வர வேண்டும். நான் முன்னால் நிற்கிறேன், அவள் பின்னால் இருக்கிறாள், அவள் என்னைத் தாண்டித்தான் போக முடியும். எண்ணைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு முகத்தைப் பிடிக்கத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்று, முதல்முறையாக ஜன்னல்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஏசி பெட்டிகள் முடிந்து ஜன்னல் கம்பிகள் வந்தன. வேகம் கூடிக்கொண்டே இருந்தது. எஸ் ஏழு. எஸ் ஆறு. எஸ் ஐந்து. அடுத்த பெட்டியின் கதவில் என் மகள் நின்றிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள், இடுப்பில் குழந்தை. பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளை இறுகப் பிடித்திருந்தது, மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். அவள் என்னைப் பார்க்கவில்லை. நிலையத்து வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தாமதமாகவாவது அந்த வாசல் வழியாக ஓடிவருவார் என்று நினைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது அவளுடைய பின்னங்கழுத்தும் ஜடையும்தான். கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இரண்டு வருடம் கூப்பிடாத பெயர் அவசரத்துக்கு வருமா?

குழந்தை மட்டும் அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தது. விரலைச் சப்பிக்கொண்டு, ஒரு கம்பத்தையோ மரத்தையோ பார்க்கிற மாதிரி பார்த்தது. அவ்வளவுதான். ஒரு நொடி. நான் கையைத் தூக்குவதற்குள் எஸ் மூன்று வந்துவிட்டது.

கடைசிப் பெட்டி போன பிறகும் தூக்கிய கையை இறக்காமல் நின்றிருந்தேன். பச்சைக்கொடி காட்டுகிற ரயில்வே ஊழியர் எதிரில் நின்று என்னையே பார்த்தார். கையை இறக்கிக்கொண்டு பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. பொது இடம் என்று அடக்கப் பார்த்தேன், முழுதாக அடங்கவில்லை.

மனைவியிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கறீங்க?"

"மொரப்பூர்ல."

"பொய் சொல்லாதீங்க. நம்ம பாப்பா குழந்தையத் தூக்கிக்கிட்டு கீழ எறங்கி நின்னு பாத்தாளாம். நீங்க வரவே இல்லைன்னு அழுவறா. போறதில்லைன்னா காலையிலயே சொல்லியிருக்கலாமில்ல? நானாவது போயிருப்பேன். ஒரு நிமிசம் போயி நிக்கறதுக்கு என்னங்க கொறஞ்சுபோயிடும் உங்களுக்கு?"

அவள் குரல் உடைந்தது. அவள் நம்பாததில் தப்பில்லை. கண்ணாடி இல்லை என்று சொன்ன ஆள்தானே நான்.

"குழந்தைக்கு மஞ்சச் சொக்கா" என்றேன். "வலது கன்னத்துல மை வெச்சிருக்குது. ஒரு கால்ல சாக்ஸ் இல்ல. அவகிட்டச் சொல்லு."

"இருங்க, அவகிட்டச் சொல்றேன்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். போன் மறுபடி அடித்தது. திரையில் பெயர் இல்லை, வெறும் எண். அதைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. எடுத்தேன். ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எந்தக் கால்?" என்றாள். இரண்டு வருடம் கழித்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எடது கால்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எப்ப வுழுந்துச்சுன்னே தெரியல. நீங்க சொன்னதா அம்மா சொன்னப்பறம்தான் பாத்தேன். எங்க நின்னீங்கப்பா?"

"முன்னால."

"கடைசியில இருக்குதுன்னு அம்மாகிட்டச் சொன்னேனே?"

"சொன்னா. எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனச்சேன் பாப்பா. என் தப்புதான்." அந்த வார்த்தையை இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

அவள் மறுபடி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "நான் எறங்கி நின்ன எடத்துலதான் சாக்ஸ் வுழுந்திருக்கும். இருக்குதான்னு பாக்கறீங்களா?" என்றாள்.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். வாசலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, நான் எப்போதும் போகாத அந்தக் கோடிவரை போனேன். பதினெட்டாவது பெட்டி நின்ற இடம் எது என்று கணக்குப் போட எனக்குச் சிரமமில்லை. சிமென்ட் தரையில், ஒரு கடலைத் தோல் குவியலுக்குப் பக்கத்தில், மஞ்சளாகக் கிடந்தது. எடுத்துத் தட்டினேன். என் இரண்டு விரல்கூட அதற்குள் முழுதாகப் போகாது.

"இருக்குது" என்றேன்.

"வெச்சிருங்க. போறதுக்குள்ள வந்து வாங்கிக்கறோம்."

சாக்ஸைச் சட்டைப் பையில் வைத்தேன். "மாவும் இருக்குது. உங்கம்மா அரைச்சுக் குடுத்தா" என்றேன். பிறகு, என் புத்தி போகிற போக்கு, "திரும்பி வர்றதுக்கு எந்த ட்ரெயின்?" என்று கேட்டேன்.

"அது நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். குரலில் அழுகை இன்னும் மிச்சம் இருந்தது, கூடவே சிரிப்பும். "ஆனா எங்க நிக்கணும்னு நான் சொல்றேன். அங்க வந்து நில்லுங்க."

"சரி, நிக்கறேன்" என்றேன்.